வண்டிப்பேட்டை எங்கே போயிற்று?

திருத்தணியின் கடைவீதிக்கு ம.பொ.சி. சாலை என்று பெயர். மலைக்கு வருவோரில் பெரும்பாலோர் இச்சாலையைத் தொட்டே செல்கிறார்கள். பூசைப் பொருள் கடைகள், துணிக்கடைகள், பாத்திரக் கடைகள், நகைக்கடைகள் என்று இருபுறமும் நெருங்கி நிற்கும் வணிகம். கடைப்படிக்கு முன்னால் இருசக்கர வண்டிகள் ஒரு வரிசை. அவ்வரிசைக்கு முன்னால் பழத் தள்ளுவண்டி, அதற்கும் முன்னால் பயணிகளுக்குக் காத்திருக்கும் ஆட்டோ. எஞ்சிய இடத்தில் எதிரெதிராக இரண்டு பேருந்துகள் வந்துவிட்டால், ஏதேனும் ஒன்று பின்வாங்க வேண்டும். முருகனுக்குக் காவடி சுமந்து வருபவர் இவற்றுக்கிடையே தோளைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார்.

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இச்செய்தி ஏறக்குறைய ஒரு மரபுத்தொடராகவே ஆகிவிட்டது: 'போக்குவரத்து நெரிசல், பொதுமக்கள் அவதி'. காரணங்களும் மரபானவையே. வீதி குறுகலானது, வண்டிகள் பெருகிவிட்டன, மக்களுக்கு ஒழுங்கு போதவில்லை. இம்மூன்றில் எதையும் நான் மறுக்க வரவில்லை. ஆனால் நம் ஊர்களில் வீதிகள் எக்காலத்திலும் குறுகலாகவே இருந்தன. வண்டிகளும் ஊரின் அளவுக்குக் குறைவாக இருந்ததில்லை. ஒழுங்கைப் பற்றிப் பேசினால், நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டிக்காரர் இன்றைய கார் ஓட்டுநரைவிடச் சட்டம் கற்றவர் அல்லர். ஆகவே இம்மூன்றுக்கும் வெளியே ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் வண்டி நிற்பதற்கென்று ஓர் அமைப்பு இருந்தது. அதற்கு ஓர் இடமும், ஒரு பெயரும், ஒரு கட்டணமும், அக்கட்டணத்துக்குக் கணக்கு வைக்கும் ஒருவரும் இருந்தனர். அதன் பெயர் பேட்டை. அது போன வழியைத்தான் இக்கட்டுரையில் தேட முயல்கிறேன்.

அதற்குமுன் சாலையின் பெயரைப் பற்றி ஒரு சொல். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக அங்கே சேர்ந்துவிட்டது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பின்னர் படாஸ்கரின் எல்லைப் பரிந்துரை, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்காக வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்ட ஒருவரின் பெயர் தாங்கிய வீதியில், இன்று கடைக்கும் வீதிக்கும் இடையே உள்ள எல்லை எது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ம.பொ.சி. இருந்திருந்தால் இதற்கும் ஒரு மாநாடு கூட்டியிருப்பார்.

என்னை இத்தேடலில் இறக்கிவிட்டது வகுப்பறைதான். பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டிகள் வரும் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வண்டியைத் தச்சன் பார்ப்பதுபோல் உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறார். சக்கரம், அச்சு, மேற்கூரை எல்லாம் வருகின்றன. கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டிச் செல்லும் பெண்ணும் வருகிறாள். அதன்பின் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கம் தண்டும் பெருவழி, வில்லேந்திக் காவல் காப்போர். தொண்டைமான் இளந்திரையனின் நாடு, அதாவது நம் திருத்தணியும் அடங்கிய தொண்டை நாடு, அப்பாட்டில் ஒரு சாலைப் படமாகவே விரிகிறது. கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, 'ஐயா, இத்தனை வண்டியையும் ஊருக்குள் எங்கே நிறுத்துவார்கள்?' என்றார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினா அது.

சங்கப் பாடல்களில் இதற்கு நேரான விடை இல்லையெனினும் குறிப்பு உண்டு. இதே புலவர் பட்டினப்பாலையில், உப்பை நெல்லுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிய படகுகள் உப்பங்கழியில் கட்டப்பட்டிருப்பதை, இலாயத்தில் கட்டிய குதிரைகளோடு ஒப்பிடுகிறார். நிற்கும் ஊர்திக்கு ஒரு நிலையிடம் உண்டு என்பது உவமையில் இயல்பாக வந்து விழுகிறது. சிலப்பதிகாரத்துப் புகாரிலோ, நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே இருந்த திறந்தவெளியில் அமைந்திருந்தது. சரக்கு வந்து இறங்கிக் கைமாறும் பரபரப்பு, குடியிருப்பு வீதிக்குள் புகாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் நடந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இடைக்காலத்துக்கு வந்தால் கல்வெட்டுகள் துணை நிற்கின்றன. வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் 'தாவளம்' என்னும் சொல் வருகிறது. சுற்றி வணிகம் செய்வோர் தங்கிச் சரக்கு இறக்கும் இடம் அது. ஐந்நூற்றுவர் போன்ற குழுக்கள் தம் படைவீரர் காவலில் வைத்திருந்த வணிக ஊர்களுக்கு 'எறிவீரபட்டினம்' என்று பெயர். பாதையோரத்தில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், மாடு உடல் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல். நடப்பவனையும் சுமப்பவனையும் இழுக்கும் விலங்கையும் ஒருங்கே நினைத்த ஒரு நாகரிகம் நிற்பதை மட்டும் மறந்திருக்க வழியில்லை.

திருத்தணிக்கு இவ்வழிகள் புதியவை அல்ல. அபராசித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் இங்கே எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயில், யானையின் முதுகு போன்ற தூங்கானை மாட விமானத்தோடு இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977-இல் கிடைத்த செப்பேடுகள் அபராசிதனையும் முதற் பராந்தகனையும் இவ்வூர் முருகன் கோயிலோடு இணைக்கின்றன. முத்துசாமி தீட்சிதரின் முதல் கிருதி இம்மலையில் பிறந்தது என்பது இசையன்பர்கள் அறிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. அவர்கள் நடந்தும், வண்டி கட்டியும், பின்னர் சென்னை–பம்பாய் இருப்புப்பாதையில் ரயிலேறியும் வந்தார்கள். வந்தவர்கள் 365 படிகளையும் கால்களால் ஏறினார்கள். வண்டி கீழே நின்றது.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழகத்துக் கோயில் ஊர்களில் வீதியை ஒழுங்காக வைத்திருந்தது நகராட்சியன்று, தேர். ஆண்டுக்கொருமுறை தேர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே மதுரையின் மாசி வீதிகளும் திருவாரூரின் தேரோடும் வீதிகளும் அகலம் காத்தன. தேர்த் திருவிழாவுக்கு முன் கூரை நீட்டியவர் கூரையைச் சுருக்குவார், திண்ணை நீட்டியவர் திண்ணையை இடிப்பார். காவலர் சொன்னால் கேட்காத கடைக்காரர் தேர்ச்சக்கரத்துக்கு வழிவிட்டார். திருத்தணியிலோ தேர்வீதி மலைமேல் இருக்கிறது. கடைவீதி கீழே இருக்கிறது. முருகன் மேலேயே வலம் வந்துவிடுவதால், கீழ்வீதிக்கு ஆண்டுதோறும் அளவு பார்க்கும் அந்தப் பெரிய அளவுகோல் கிடைக்கவில்லை. மலையடிவாரத்து ஊர்கள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு.

இனி பேட்டைக்கு வருவோம். பேட்டை என்றால் இன்று நமக்குச் சிந்தாதிரிப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று குடியிருப்புகளின் பெயரே நினைவுக்கு வரும். சொல்லின் உயிர் சந்தையிலும் சரக்கு இறங்குமிடத்திலும் இருக்கிறது. பல ஊர்களில் 'வண்டிப்பேட்டை' என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. வண்டிதான் அங்கே இல்லை.

பேட்டையின் வரலாற்றில் மிகச் செறிவான பகுதி தென்பாண்டி நாட்டில் கிடைக்கிறது. பாளையக்காரர் ஆட்சி 1801-ஐ ஒட்டி முடிவுக்கு வந்தபின், திருநெல்வேலிப் பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வணிகர்கள் வடக்கே நகர்ந்தார்கள். கருப்புக்கட்டி, புகையிலை, கருவாடு போன்றவற்றோடு வண்டி கட்டி வந்தவர்களுக்கு வழியெங்கும் கொள்ளை அச்சம். எனவே அவர்கள் தங்கிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூலில் இப்பேட்டைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பேட்டைக்குள் வண்டி நிற்கும், மாடு தண்ணீர் குடிக்கும், சரக்கு காவலோடு இருக்கும், வணிகர் தூங்குவார். இதைப் பயன்படுத்துவோர் பணம் கொடுத்தார்கள். அத்துடன் ஒவ்வொரு வணிகரும் தம் சரக்கின் மீது 'மகமை' என்னும் சிறுதொகையைப் பொதுநிதிக்குச் செலுத்தினார். உறவின்முறை அதற்குக் கணக்கு வைத்தது.

அந்த நிதி எங்கே போனது என்பதுதான் நான் நின்று பார்க்க விரும்பும் இடம். கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொதுநிதியில் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. வண்டி நிறுத்திய இடத்தில் வசூலான காசு ஊருக்குள்ளேயே சுற்றி, ஊர்ப்பிள்ளைகளின் எழுத்தாக மாறியது. சிறுசிறு காசுகளின் இப்பயணத்தை நம் பொருளியல் நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

இதைப் பொற்காலமாகப் புனைய நான் விரும்பவில்லை. பேட்டையின் மதில் கொள்ளையரை மட்டும் தடுக்கவில்லை. ஒரு சாதியின் காசில் ஒரு சாதியின் நிர்வாகத்தில் இயங்கிய அமைப்பு அது. வீதியில் யார் நடக்கலாம், யாருடைய ஊர்வலம் எந்தத் தெருவில் நுழையலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழுகுமலையிலும் சிவகாசியிலும் இரத்தம் சிந்திய சமூகத்துக்கு மதில் தேவைப்பட்டது என்பதும் உண்மை. அச்சமூகத்திலிருந்து வந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். பேட்டை தம்மவருக்கு அளித்த பாதுகாப்பை, அவர் பேருந்தில் எல்லாருக்குமான உரிமையாக்கினார் எனலாம். அவர் பெயரை மீண்டும் சந்திப்போம்.

வணிகர் கட்டிய பேட்டை ஒருபுறமிருக்க, அரசின் சட்டமும் இதே வடிவத்தை ஏற்றது. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை இலக்கியம் படிப்பவர்கள் புரட்டியிருக்க மாட்டார்கள். நானும் அந்த மாணவர் கேட்ட பிறகே புரட்டினேன். அதில் வண்டிப்பேட்டைக்கென்றே பிரிவுகள் உண்டு. நகராட்சி பொது வண்டிப்பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் பெறலாம். தனியார் வண்டிப்பேட்டை திறக்க நகராட்சியின் உரிமம் வேண்டும். இவற்றோடு இன்னொரு விதியும் வருகிறது. நகராட்சி பேட்டை அமைத்துக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் பொதுவீதியின் ஓரத்தை வண்டி நிறுத்தப் பயன்படுத்துவதைத் தடை செய்யலாம் என்பது அது.

இவ்விதியின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இடம் கொடு, பிறகு தடை செய். 'இங்கு வண்டிகளை நிறுத்தாதீர்' என்று எழுதிய பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போகும் வழக்கம் அச்சட்டத்தின் மனத்தில் இல்லை. தடை விதிக்கும் உரிமை, இடம் அமைக்கும் கடமையின் வால்பகுதியாகவே வந்தது.

இன்னொரு நயமும் அச்சட்டத்தில் உண்டு. வண்டிப்பேட்டை என்பது மோட்டார் வாகனங்கள் நிற்கும் இடத்தையும் உள்ளடக்கும் என்று அது விளக்கம் சொல்கிறது. ஆகவே நம் ஊர்களின் பேருந்து நிலையங்கள், கட்டணம் தண்டும் அளவில், சட்டத்தின் கண்ணுக்கு வண்டிப்பேட்டைகளே. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பேருந்துகள் மாட்டுவண்டிகளின் வாரிசாகவே கட்டணம் செலுத்தி நின்றன.

அப்படியானால் பேட்டை எங்கே உடைந்தது? நான் கருதும் முறிவு 1931-இல் நேர்ந்தது. அவ்வாண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம், உள்ளாட்சிகள் மோட்டார் வண்டிகளிடமிருந்து தண்டிவந்த வரியையும் சுங்கத்தையும் விலக்கி, மாகாண அரசே வரி பெறச் செய்தது. உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு தரப்படும் என்றது. ஊருக்கு ஊர் நின்று சுங்கம் கட்டிய தொல்லை ஓட்டுநர்களுக்குத் தீர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் அன்று தொடங்கி, வண்டியால் வரும் பெருவருவாய் தலைநகருக்கும், வண்டியால் வரும் இடநெருக்கடி ஊருக்கும் என்று பாகம் பிரிந்தது. பேருந்துக்கு மட்டும் நிலையம் அமைந்தது, அதற்குக் கட்டணம் உண்டு என்பதால். தனியார் கார் அந்நாளில் ஊருக்கு இரண்டோ மூன்றோ. அதற்கென்று எவரும் பேட்டை அமைக்கவில்லை. ஜமீன்தாரின் காரும் மருத்துவரின் காரும் வீதியோரத்தில் நின்றபோது அது ஊருக்கு அழகாகவே இருந்திருக்கும். அந்த இரண்டு கார்களின் சலுகையே, எவரும் தீர்மானிக்காமல், பின்னால் வந்த அனைவருக்குமான வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிப்பேட்டை நிலங்களோ ஊர் நடுவே விலை மதிப்புள்ள மனைகளாயின. அவற்றில் வணிக வளாகங்கள் எழுந்தன. அவ்வளாகங்களுக்கு வருவோர் வண்டியை வீதியில் நிறுத்துகிறார்கள்.

மேலைநாடுகளும் இதே குழியில் விழுந்து எழுந்தவைதாம். யூலியசு சீசர் காலத்து ரோமில் பகற்பொழுதின் பெரும்பகுதி சரக்கு வண்டிகள் நகருக்குள் வரத் தடை இருந்தது. அமெரிக்காவின் ஓக்லகாமா நகரில் 1935 ஜூலையில் உலகின் முதல் நிறுத்தக் கட்டணக் கருவி நடப்பட்டது. அதை முன்னின்று கொண்டுவந்த கார்ல் மகீ ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது நம் தரப்புக்குச் சற்றே பெருமை. கடைத்தெருவில் கடை ஊழியர்களே நாள் முழுதும் காரை நிறுத்திவிடுவதால் வாங்க வருபவருக்கு இடமில்லை என்பதுதான் அங்கே சிக்கல். ம.பொ.சி. சாலையின் கடைகளுக்கு முன்னால் காலையில் வந்து நிற்கும் வண்டிகளில் எத்தனை அக்கடைகளுக்கே உரியவை என்று ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

2025-இல் மறைந்த டொனால்டு ஷூப் என்னும் கலிபோர்னியப் பேராசிரியர், இலவச நிறுத்தத்தின் உண்மை விலையைப் பற்றி 2005-இல் ஒரு பெருநூல் எழுதினார். வீதியோரத்தை இலவசமாகக் கொடுத்தால் அதன் விலையை நடப்பவரும் கார் இல்லாதவரும் கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் திரும்பத் திரும்பக் காட்டும் ஊர் பழைய பசடேனா. 1993-இல் அங்கே வீதியில் கட்டணக் கருவிகளை நிறுவியபோது வணிகர்கள் முதலில் எதிர்த்தார்கள். வரும் பணம் முழுதும் அந்த வீதிகளுக்கே, நடைபாதைக்கும் விளக்குக்கும் தூய்மைக்கும், செலவாகும் என்று உறுதி கொடுத்த பின்னரே ஒப்பினார்கள். சிதைந்து கிடந்த கடைவீதி செழித்தது. இதைப் படிக்கையில் எனக்கு மகமைதான் நினைவுக்கு வந்தது. விருதுநகர் பேட்டையின் கணக்கப்பிள்ளைக்கு இக்கோட்பாட்டை எவரும் விளக்கவேண்டியிருந்திராது.

நம் மாநிலத்தில் இம்முயற்சியின் பெரிய களம் சென்னை தியாகராய நகர். மாம்பலம் ஏரிப்பகுதியில் 1920-களில் உருவாகி, பிட்டி தியாகராயர் பெயர் பெற்ற நகர் அது. அதன் பாண்டி பஜாருக்கு முன்னர் குறிப்பிட்ட சௌந்திரபாண்டியனார் பெயரே மூலம். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. கார்களிடமிருந்து வீதியின் பெரும்பகுதியை எடுத்து நடப்பவருக்குக் கொடுத்தார்கள். அருகே தணிகாசலம் சாலையில் 222 கார்களும் 513 இருசக்கர வண்டிகளும் நிற்கத்தக்க பல அடுக்கு நிறுத்தகம் கட்டினார்கள். (நீதிக்கட்சியின் ஓ.தணிகாசலம் செட்டியார் பெயரிலான சாலை அது. பெயர் என்னவோ நம் தணிகை மலையின் பெயர்தான்.) இடம் கொடுத்துத் தடை செய் என்ற பழைய வரிசையை ஓரளவு பின்பற்றிய திட்டம் என்பதால் இதை மதிக்கிறேன். ஆயினும் அவ்வீதியில் தலைமுறைகளாகக் கடை விரித்திருந்தவர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டு ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். வீதியைச் சீர்செய்யும்போது முதலில் கிளப்பப்படுபவர் கூடைக்காரரே. கார் ஒன்று நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். அவ்விடத்தில் பூக்கூடையோடு ஐந்தாறு பெண்கள் தாராளமாக அமர்ந்து பிழைக்கலாம். அவர்களை 'ஆக்கிரமிப்பு' என்றும், காரை 'நிறுத்தம்' என்றும் அழைக்கிறோம். தெருவோர வணிகர் பாதுகாப்புக்கென 2014-இல் நடுவண் அரசு சட்டமே இயற்றிய பின்னும் நம் சொல்வழக்கு மாறவில்லை.

திருத்தணிக்குச் சென்னையைவிடப் பழனியே நெருங்கிய கண்ணாடி. அதுவும் முருகன் மலை, அதுவும் அடிவாரக் கடைவீதி. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-இல் அங்கே கிரிவலப் பாதையில் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு வாகனங்கள் தடுக்கப்பட்டன. பக்தர்களுக்காகக் கோயில் மின்கல வண்டிகளை ஓட்டியது. நடப்பவருக்கு நிம்மதி கிடைத்தது. அடிவாரத்து வணிகர்களோ பிழைப்பு போயிற்று என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைப் பேராசை என்று தள்ளிவிடுவது எளிது. சாம்பிராணியும் பஞ்சாமிர்தமும் விற்று அன்றாடம் கழிப்பவருக்கு, வண்டி நிற்கும் இடம் அரை மைல் தள்ளிப் போனால் கூட்டம் வேறு வழியில் திரும்பிவிடும் என்ற பயம் மெய்யானது. பேட்டையை எங்கே வைக்கிறோம் என்பது யாருடைய அடுப்பு எரியும் என்பதையும் தீர்மானிக்கிறது. சபரிமலையில் 2018 வெள்ளத்துக்குப் பின் தனியார் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பேருந்தில் பம்பைக்கு அனுப்பியபோது வணிகமும் நிலக்கல்லுக்கு நகர்ந்ததைக் காணலாம்.

இவ்வளவுக்கும் திருத்தணிக்கு இக்கலை தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆடிக் கிருத்திகை வரட்டும். தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் காவடிகள் வருகின்றன. மலர்க்காவடிகளால் மலைப்பாதையே மஞ்சளாகிறது. சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம். அந்நாட்களில் ஊரைச் சேரும் சாலைகளின் முனைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். வெளியூர் வண்டிகள் அங்கேயே நிறுத்தப்படும். வந்தவர்கள் இறங்கி நடப்பார்கள். குடிநீர், கழிப்பிடம், விளக்கு, காவல் எல்லாம் அம்முனைகளில் வந்து சேரும். வீதிக்குள் மனிதர்கள் மட்டும் செல்வார்கள். கடைகளில் அன்றைக்கு வணிகம் குறைவதாக எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்டின் மிகப் பெரிய கூட்டத்தை இவ்வூர் பேட்டை முறையில்தான் சமாளிக்கிறது, பேட்டை என்ற சொல்லைச் சொல்லாமலேயே.

ஆடிக் கிருத்திகை ஏற்பாட்டை நாள்தோறும் நடத்த இயலாது என்பார்கள். முழுதாக வேண்டியதில்லை. சென்னை, அரக்கோணம், சித்தூர் ஆகிய மூன்று திசைச் சாலைகளிலும் நிலையான பேட்டை ஒவ்வொன்று. அங்கிருந்து அடிவாரத்துக்குச் சிற்றுந்து. கார் நிறுத்துவோர் கொடுக்கும் கட்டணம் ம.பொ.சி. சாலையின் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே செலவாகும் என்ற எழுத்து உறுதி. பேட்டையின் வாயிலிலேயே பூக்காரருக்கும் பழக்காரருக்கும் முதல் இடம். ஏலம் எடுத்தவர் சீட்டுக் கிழித்துப் பணத்தோடு போய்விடும் இன்றைய ஒப்பந்த முறையில் இது நடவாது. கணக்கை யார் வைப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. உறவின்முறை ஒரு சாதிக்குக் கணக்கு வைத்தது. நகராட்சியும் கோயில் நிர்வாகமும் வணிகர் சங்கமும் தெருவோர வணிகர்களும் சேர்ந்து அமர்ந்து, மாதந்தோறும் வரவு செலவைக் கடைவீதியில் ஒரு பலகையில் எழுதி வைக்க இசைவார்களா என்பதை அவ்வூரார்தாம் சொல்லவேண்டும்.

வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்ட மாணவர் இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். தமிழ்நாட்டில் 'வண்டிப்பேட்டை' என்று பெயர் வழங்கும் இடங்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறார். உங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்து, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்றும் தெரிந்தால் எழுதுங்கள். அவரிடம் சேர்ப்பிக்கிறேன்.